பத்தொன்பதாவது நட்சத்திரம்

பார்த்திருக்கக்கூடாது. திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு ஞானாபரணம் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டால்தான் என்ன, யாருக்குத் தெரியப்போகிறது, ஒரு கோடு, அதன் பக்கத்தில் இன்னொரு கோடு, நடுவில் நகக்கண் அகலத்துக்கு ஓர் இடைவெளி, காலையில் அதைப் பார்த்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை, மனைவி ரூபி சமையலறையில் சங்கரா மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள், ஒரு காக்கை ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் பார்த்தது பார்த்ததுதான். கண் பார்த்ததை மனசு கணக்குப் போட்டுவிட்டது, வேண்டாம் வேண்டாம் என்று தடுப்பதற்குள் பெருக்கி வகுத்து விடையைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டது. பன்னிரண்டு. அந்த நட்சத்திரம் தன் கூட்டத்திலிருந்து நொடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் விலகி ஓடுகிறது. மறந்துவிடு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். மறக்கச் சொன்னால் மறக்கிற எண்ணா அது, இருபத்தெட்டு வருஷத்தை விழுங்கப்போகிற எண். மத்தியான வெயில் தண்டவாளத்தில் காய்ந்து இரும்பு வாசனையாக மேலே வந்தது, கீழே கால்வாயின் நாற்றம் அதோடு சேர்ந்துகொண்டது, ரயிலைக் காணோம்.

பிளாட்பாரத்தில் அவரைத் தவிர ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். இவ்வளவு உயரமான கூரை, இவ்வளவு அகலமான படிகள், கடைகளுக்கென்று கட்டிப் பூட்டியே கிடக்கிற கூடங்கள், எல்லாம் வராத கூட்டத்துக்காகக் கட்டியவை, புறாக்கள் குடியிருக்கின்றன. அவருடைய தொழிலில் எல்லோரும் இப்படி ஒரு கூட்டத்தைத்தான் நம்புகிறார்கள், இங்கே வராத கூட்டம், அங்கே கண்ணுக்குத் தெரியாத கூட்டம். கேலக்ஸிகளில் நட்சத்திரங்கள் ஓடவேண்டிய வேகத்தைவிட அதிக வேகத்தில் ஓடுகின்றன, தெரிகிற பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் எப்போதோ சிதறிப்போயிருக்கும், ஆகவே கரும்பொருள் என்று ஒன்று, பார்க்க முடியாதது, ஏராளமாக இருந்து அவற்றைப் பிடித்துவைத்திருக்கிறது என்பது ஊர் உலகம் ஒத்துக்கொண்ட விளக்கம். ஞானாபரணமும் உலகத்தில் ஒரு கைப்பிடிப் பேரும் மட்டும் இல்லை என்றார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது, ஈர்ப்பு விதியைத்தான் நாம் தப்பாக வைத்திருக்கிறோம், ஈர்ப்பு ரொம்பவும் மெலிகிற இடத்தில் பழைய விதி சொல்கிற அளவுக்கு அது மெலிவதில்லை, கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். இன்ஸ்டிட்யூட்டில் அவருக்குத் தோமா என்று பெயர். பைபிளில் வருகிற சந்தேகக்காரச் சீடர் மாதிரி, தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாராம். பெரிய கேலக்ஸிகளில் இரண்டு கட்சிக்கும் கணக்கு ஒத்துவந்துவிடும், வழக்கு தீராது, சின்னதில்தான் தீரும். பால்வீதியின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிற ஒரு குட்டி கேலக்ஸி, பார்க்கப்போனால் கேலக்ஸி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், இருட்டில் சிந்திய உப்பு மாதிரி கொஞ்சம் நட்சத்திரங்கள். அங்கே ஈர்ப்பு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெலிவு. அவருடைய கொள்கைப்படி, பக்கத்திலிருக்கும் பால்வீதியின் இழுப்பு அந்தக் குட்டியின் பிடிவாதத்தை அடக்கிவிடும், ஆகவே அதன் நட்சத்திரங்கள் மெதுவாகத்தான் அலையவேண்டும், நொடிக்கு இரண்டு கிலோமீட்டர். கரும்பொருள் உண்டு என்றால் மூன்றரை. இரண்டா, மூன்றரையா. அந்த ஒன்றரைக்குள் ஒரு மனுஷன் தலைமயிர் நரைத்து, பல் கட்டி, ஓய்வு பெற்று, ஒரு மேஜையையும் நாற்காலியையும் மட்டும் தானமாக வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ரயில் வந்தது, காலியாக, கதவுகளெல்லாம் திறந்தபடி. ஜன்னலோரம் உட்கார்ந்தார். எதிரே ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரர் ஒருவர் கருவிப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தார். "திருவான்மியூர் தாண்டிட்டேம்மா, இதோ ஆட்டோல இருக்கேன், சத்தம் கேக்குதில்ல?" வண்டி இன்னும் மந்தைவெளியைத் தொடவில்லை. போனை வைத்துவிட்டு ஞானாபரணத்தைப் பார்த்துச் சிரித்தார். "என்ன பண்றது பெரியவரே, உண்மையைச் சொன்னா வேற ஆளைக் கூப்டுக்குறாங்க." ஞானாபரணமும் சிரித்துவைத்தார். சிரித்தபிறகு அது உறுத்தியது, எதற்குச் சிரித்தோம், ஆமாம் நானும் உன் கட்சிதான் என்று சொல்லவா. ரூபி மத்தியானம் சாப்பாடு போடும்போது கேட்டாள், "இன்னிக்குத்தானே உங்க ரிசல்ட்டு, பாஸா ஃபெயிலா?" அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "நாலு மணிக்குத் திறப்பாங்க" என்றார். "ஃபெயிலானா என்ன, மறுபடி எழுதிக்கலாம்." "மறுபடி எழுத முடியாது ரூபி." "ஏங்க, நட்சத்திரம் எங்க ஓடிப்போகுது, அங்கேயேதானே இருக்கு?" அங்கேயேதான் இருக்கிறது. பார்க்கிற கருவியைத்தான் கழற்றிவிட்டார்கள். வேறு தேசத்தில் ஒரு மலைமேல் இருந்தது அது, வருஷத்துக்கு இரண்டு மூன்று ராத்திரி கெஞ்சி வாங்கினார்கள், போன வருஷம் கழற்றி வைத்துவிட்டு, அடுத்தது வரப் பத்து வருஷம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு இப்போது அறுபத்தாறு. இடதுபக்கம் மார்பில் சமயத்தில் ஏதோ ஓர் இறுக்கம் வருகிறது, வாயு என்று ரூபியிடம் சொல்லிவைத்திருக்கிறார். பத்து வருஷத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை.

முதல் தடவை அளந்தபோது நாலு வந்தது. அன்றைக்கே எல்லாம் முடிந்தது என்றார்கள், ஒரு மாநாட்டில் அவர் பேச எழுந்ததும் முன்வரிசையில் மூன்று பேர் காப்பி குடிக்க எழுந்துபோனார்கள், அந்த மூன்று முதுகும் இன்றைக்கும் அவர் கண்முன் நிற்கும், ஒன்று சாம்பல் நிறக் கோட்டு போட்டது. அப்போதுதான் அவர் ஜோடிகளைப் பிடித்துக்கொண்டார். நட்சத்திரங்களில் நிறைய ஜோடி ஜோடியாக இருப்பவை, ஒன்று தெரியும், கூட இருப்பது தெரியாது, தெரிகிறது தெரியாததைச் சுற்றுகிறபோது இந்த வருஷம் நம்மை நோக்கி வரும், அடுத்த வருஷம் விலகிப்போகும். அது வீட்டு விவகாரம், கேலக்ஸியின் ஈர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு எல்லாம் வேகமாகத் தெரியும். நாலு என்று வந்தது அதனால்தான், ஜோடிகளைக் கழித்தால் இரண்டாகிவிடும் என்றார். கழிக்கவேண்டுமானால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் வருஷம் விட்டு வருஷம் பார்த்து, வேகம் மாறுகிறதா என்று காத்திருக்கவேண்டும். காத்திருந்தார்கள். மாறியவை எவை என்பதை மட்டும் கம்ப்யூட்டர் சொல்ல, அவற்றை நீக்கினார்கள், மாறாதவை பதினெட்டு மிஞ்சின. பத்தொன்பதாவதை மட்டும் ஒரே ஒரு தடவைதான் நன்றாகப் பார்க்க முடிந்தது, மற்ற வருஷங்களில் அதன் முறை வந்த ராத்திரிகளில் மேகம். அது ஜோடியா, தனியா, தெரியாது. ரூபியை அவர் பார்த்த முதல் தடவை அவள் வங்கியின் கவுண்ட்டரில் ஒரு வாடிக்கையாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், சிடுமூஞ்சி என்று முடிவுகட்டிவிட்டார், அடுத்த தடவை பார்த்திருக்காவிட்டால் அப்படியேதான் முடிந்திருக்கும். அப்படியானால் பத்தொன்பதாவதை நீக்கலாம். ஒரே தடவை பார்த்ததை நம்பக்கூடாது என்பது நியாயமான காரணம்தானே. நியாயமான காரணம், சந்தேகமே இல்லை, நேற்று இரவு படுக்கும்போதுகூட அது நியாயமான காரணமாகத்தான் இருந்தது. இன்று காலை அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு அதே காரணத்தைக் கையில் எடுத்தால் பிசுபிசுக்கிறது.

கிரீன்வேஸ் ரோட்டில் யாரும் ஏறவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்யவேண்டும் என்று சட்டம் போட்டது அவர்தான். தோமா தனக்குச் சாதகமாகக் கணக்குப் போடுகிறான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, அதற்காக. எந்த நட்சத்திரம் எவ்வளவு வேகம் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியக்கூடாது. அவருடைய ஆராய்ச்சி மாணவி நஸ்ரின் வேகங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் மறைத்துவைத்திருந்தாள், ஒளியைப் பிரித்து எடுத்த பட்டையின் படம் மட்டும், அளவுகோல் அழிக்கப்பட்டு, பார்வைக்கு வரும், படம் தெளிவா கலங்கலா என்று மட்டும் பார்த்து, வைப்பதா நீக்குவதா என்று அவரும் நஸ்ரினும் கூட வேலை செய்கிற குகனும் தனித்தனியாக ஓட்டுப்போடவேண்டும், இரண்டு பேர் சொல்வது செல்லும். யாராவது தப்பித்தவறி வேகத்தைப் பார்த்துவிட்டால் உடனே சொல்லிவிட்டு ஒதுங்கவேண்டும், அதுவும் அவர் போட்ட சட்டம். நஸ்ரின் நேற்று இரவு அனுப்பிய பத்தொன்பதாவதின் படத்தில் நட்சத்திரத்தின் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு விட்டுப்போயிருந்தது. நம் பூமியின் காற்று இரவில் தானாகக் கொஞ்சம் ஒளிரும், அந்த ஒளியின் கோடு அது, அசையாது, எந்த மலையில் எந்த வருஷம் பார்த்தாலும் அதே இடத்தில் நிற்கும். வெட்டியெடுக்க மறந்துவிட்டாள். வேறு யார் பார்த்திருந்தாலும் இரண்டு கோடு என்று விட்டிருப்பார்கள். அவருக்கு அந்தக் கோடு தெரு முனைக் கம்பம் மாதிரி, அதிலிருந்து எவ்வளவு தள்ளி என்றால் எவ்வளவு வேகம் என்று கண்ணுக்கே தெரியும். பன்னிரண்டு. பதினெட்டு நட்சத்திரம் இரண்டிரண்டாக ஒழுங்காக அலைந்தாலும், இந்த ஒன்றைச் சேர்த்தால் மூன்றரைக்கு ஏறிவிடும். ஒரே ஒரு நட்சத்திரம், பெயர்கூட இல்லாதது.

போன் அடித்தது. நஸ்ரின்.

"சார், எங்க வந்துட்டிருக்கீங்க?"

"கோட்டூர்புரம்" என்றார். கோட்டூர்புரம்தான், பொய்யில்லை, ஆறு தெரிந்தது.

"உங்க ஓட்டு ஒண்ணுதான் சார் பாக்கி. நானும் குகனும் எதிரும் புதிருமா போட்டிருக்கோம். யார் எதுன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்க."

"குகன் காலையிலேருந்து எங்கிட்ட பேசலை, அதுலயே தெரிஞ்சிருக்கும்." அவள் சிரித்தாள். பின்னாலிருந்து குகனின் குரல் கேட்டது. "நான் பேசலையா? ரெண்டு தடவை டீ வேணுமான்னு கேட்டேன் சார், இவங்கதான் முறைக்கிறாங்க."

"வந்துடறேன்" என்றார். "வந்து சொல்றேன்."

அடையாற்றின் தண்ணீர் அசையாமல் கிடந்தது, கரையில் ஒரு கொக்கு. எதிரும் புதிருமாக. அப்படியானால் அவர் ஓட்டுத்தான் தீர்ப்பு. நீக்கு என்றால் போதும், ஒரு சொல், நியாயமான காரணமும் கையில் இருக்கிறது, மேகத்தின் மேல் பழிபோட்டுவிடலாம், மேகம் மறுத்துப் பேசாது. நீக்கினால், அவர் கொள்கைப்படி, இரண்டு வரும். இரண்டு வந்தால் நஸ்ரினுக்கு எங்காவது வேலை கிடைக்கும். அவளுடைய உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது, செத்த கொள்கையில் ஆராய்ச்சி செய்தவளை எந்த ஊரிலும் எடுக்கமாட்டார்கள், சேர்க்கும்போது அவள் அப்பா வாணியம்பாடியிலிருந்து வந்திருந்தார், தோல் மண்டியில் கணக்கெழுதுகிறவர், நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "இந்தப் படிப்புக்கு அப்புறம் வேலை உண்டுங்களா சார், நீங்க சொன்னா சரி" என்றார். உண்டு என்று சொன்னார் ஞானாபரணம். கல்யாணத்துக்கு வந்த வரன்களை அந்த மனுஷன் அந்த ஒரு சொல்லை நம்பித் திருப்பி அனுப்பினார். அப்படியானால் நீக்கு. அவளுக்காக நீக்கு. அவளுக்காகவா, அந்தச் சாம்பல் நிறக் கோட்டுக்காரருக்காகவா. சரி, வை என்று சொல்லலாம். வைத்தால் கொள்கை செத்தது, ஆனால் கை சுத்தம். கை சுத்தமா? தனக்கு எதிராகத் தானே ஓட்டுப்போட்ட யோக்கியன் என்ற பெருமைக்காக ஒரு கலங்கிய நட்சத்திரத்தை உள்ளே வைத்தால் அதுவும் கள்ளத்தனம்தானே, அது உண்மையிலேயே ஜோடியாக இருந்தால், கொள்கை உண்மையிலேயே சரியாக இருந்தால், தன் யோக்கியதையைக் காட்டிக்கொள்ள உண்மையைக் கொன்றவனாகிவிடுவோமே. நீக்கினாலும் திருட்டு, வைத்தாலும் திருட்டு. கஸ்தூரிபா நகர் போனது, இந்திரா நகர் போனது, நினைப்பு மட்டும் அதே இடத்தில் செக்குமாடாகச் சுற்றியது. கரும்பொருள் நிஜமாகவே இருக்கிறதோ என்று ஒரு பயம் வந்தது, புதிய பயமில்லை, குளிக்கும்போதும் நகம் வெட்டும்போதும் வருகிறதுதான், எங்கும் நிறைந்து, இந்த ரயிலுக்குள்ளும், அவர் எலும்புக்குள்ளும், ஒரு சத்தமும் இல்லாமல் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கிறதோ, எல்லோருக்கும் தெரிந்திருக்க அவருக்கு மட்டும் தெரியாமல். ரிப்பேர்க்காரர் திருவான்மியூரில் இறங்கும்போது திரும்பி, "வரட்டுங்களா" என்றார். பதில் சொல்வதற்குள் வண்டி எடுத்துவிட்டது.

சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுவது. அதுதான் சட்டம். தரமணியில் இறங்கிப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வரும்போது அது ஒன்றுதான் வழி என்று பட்டது. காலையிலேயே பட்டிருக்கவேண்டும், ஒன்பது மணிக்கே போன் செய்து சொல்லியிருக்கவேண்டும், ஏன் சொல்லவில்லை, கையில் இருக்கிற ஓட்டை விட மனசு வரவில்லை, வேறென்ன. வெயிலில் நடக்க நடக்க மார்பின் இறுக்கம் வந்தது, நின்றார், போனது, நடந்தார். எந்தப் பக்கம் என்று சொல்லக்கூடாது. பார்த்துவிட்டேன் என்பது மட்டும் போதும். குரலில் ஒன்றும் இருக்கக்கூடாது.

இன்ஸ்டிட்யூட் அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். குகன் எழுந்து நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை.

"நான் ஓட்டுப் போடமுடியாது" என்றார். "பார்த்துட்டேன். காத்தோட கோடு ஒண்ணு படத்துல விட்டுப்போயிருந்துச்சு."

நஸ்ரின் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "என் தப்பு சார். எந்தப் பக்கம்னு சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் வெளிய இருக்கேன்."

"எப்ப சார் பார்த்தீங்க?" என்றான் குகன்.

"காலையில."

பதிலைக் கேட்டு அவன் தலைகுனிந்துகொண்டான். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. காலையில் பார்த்ததை மூன்று மணிவரை ஏன் வைத்துக்கொண்டிருந்தார் கிழவர் என்று அவர்கள் யோசிப்பார்களே. சாதகமான பக்கமாக இருந்தால் சிரித்துக்கொண்டே ஒன்பது மணிக்கே போன் செய்திருப்பாரே. எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை, ஆறு மணி நேரம் சொல்லிவிட்டது, மூஞ்சி சொல்லிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்கவில்லை. குகன் கையை விரித்து ஏதோ சொன்னான், நஸ்ரின் தலையாட்டினாள், பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் திரும்பி, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார்கள். ஒரு நொடிதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பேசிவிட்டு வந்த சொந்தக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். உடனே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டார்கள். எழுந்துபோய்க் கதவைத் திறந்து வேண்டாம், நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தார்.

நஸ்ரின் கதவைத் திறந்தாள். "நீக்கிட்டோம் சார். திறந்தாச்சு. வந்து பாருங்க."

இரண்டு புள்ளி ஒன்று. திரையில் வேறொன்றும் இல்லை, எண் மட்டும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் அவர் கையால் போட்ட கணக்கு, அதே எண். சந்தோஷம் வந்தது, ஒரு நொடி வரத்தான் செய்தது. பிறகு அந்தக் கண்ணாடிப் பார்வை அதன்மேல் வந்து உட்கார்ந்தது.

"யாரு மாத்திக்கிட்டது?" என்று கேட்டார்.

"நான்தான் சார்" என்றான் குகன். "ஒரே தடவை பார்த்தது. மத்த வருஷமெல்லாம் மேகம். அதை நம்பி எப்படி வைக்கிறது?"

"வைன்னு ஓட்டுப் போட்டப்பவும் அந்த மேகம் இருந்துச்சே குகன்."

அவன் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். நஸ்ரின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கட்டுரையைத் திறந்தாள். "நீங்க பார்த்ததை எழுதணும்ல சார். எழுதிடறேன்." தட்டினாள், வாசித்தாள். ஆசிரியர்களில் ஒருவர் தற்செயலாக ஒரு நட்சத்திரத்தின் வேகத்தை அறிய நேர்ந்ததால், அதைப் பற்றிய முடிவில் அவர் கலந்துகொள்ளவில்லை. "போதுமா சார்?"

"இன்னும் ஒரு வரி போடுங்க. அவர் பார்த்துட்டாருங்கிறது மத்த ரெண்டு பேருக்கும் முடிவுக்கு முன்னாடியே தெரியும்னு."

அவள் விரல்கள் நின்றுவிட்டன. "அதைப் போட்டா…" என்றாள். பிறகு மெதுவாக, "நாங்க உங்க மூஞ்சியைப் பார்த்து முடிவு பண்ணினோம்னு ஆயிடும் சார்."

அப்படித்தானே பண்ணினீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்தது. குகன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய கண் திரையில் இருந்தது, காது மட்டும் இவரிடம் இருந்தது, வாணியம்பாடியில் அவள் அப்பா இந்நேரம் மண்டியில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். அவர்கள் அவருக்காக ஒரு நட்சத்திரத்தை எடுத்தார்கள். எடுத்தார்களா, எடுக்கவில்லையா, அவர்களுக்கே தெரியுமா, இனி எந்தக் கருவியாலும் அதை அளக்கமுடியாது. மார்ச் வரை அவளுக்கு மூன்று மாதம் இருக்கிறது. அவருக்கு எவ்வளவு இருக்கிறது என்பது தெரியாது.

"சரி" என்றார் ஞானாபரணம். "அது வேண்டாம்."

அவள் முதல் வரியை அப்படியே வைத்துக்கொண்டு கட்டுரையின் அடுத்த பத்திக்குப் போனாள். எவ்வளவு நேர்மையான மனிதர் என்று படிக்கிறவர்கள் சொல்வார்கள், சாம்பல் நிறக் கோட்டுக்காரர்கூடச் சொல்லலாம். அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.